நின்ற இடத்திலேயே மாறிய எண்கள்

காந்தமானியோடு வேலைக்குப் போகும் நாட்களில் நான் தலையில் ஹேர்பின் குத்துவதில்லை. துப்பட்டாவுக்கு ஊக்கு கிடையாது. ஊக்கு இல்லாமல் நிற்காது என்பதால் துப்பட்டாவும் கிடையாது. ஜிப் பித்தளையா இரும்பா என்று காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கிய பேண்ட் ஒன்று, ரப்பர் செருப்பு ஒன்று. சாவி, கடிகாரம், செல்ஃபோன் மூன்றும் காரிலேயே இருந்துவிடும். இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பல தோட்டங்களில் சிரிப்பார்கள். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், "ஏனுங்க அம்மணி, தண்ணி பாக்க வந்தீங்களா, ஸ்கேன் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன்.

நான் படித்தது புவி இயற்பியல். கோவையில் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை. போர்வெல் போட இடம் பார்த்துச் சொல்வதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. கொங்குப் பகுதியில் மண்ணுக்கு அடியில் இருப்பது கடும்பாறை. பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர் தங்கும். சில இடங்களில், மிகப் பழைய காலத்தில் கீழிருந்து உருகி மேலேறிய கரும்பாறை, சுவர் வைத்ததுபோல் இறுகி நிற்கிறது. அந்தச் சுவரின் ஓரங்களில் பாறை உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். சுவரின் காந்தத்தன்மையும் சுற்றியுள்ள பாறையினுடையதும் ஒன்றல்ல. அதனால் நிலத்தை வரிசை வரிசையாக நடந்து, சில அடிகளுக்கு ஒருமுறை பூமியின் காந்த அளவைக் குறித்து, எண்களைக் கணினியில் வண்ணமாக மாற்றினால் சுவர் ஒரு பட்டையாகத் தெரியும். அதில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு மின்தடைக் கருவி வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. பூமியின் காந்த அளவு நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சூரியன் ஏற ஏற மெதுவாக ஏறி, சாயும்போது மெதுவாக இறங்கும். பெரிய நிறுவனங்கள் இன்னொரு கருவியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்து, அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துக்கொள்ளும். எங்களிடம் இருந்தது ஒரே கருவி. ஆகவே ஒரு மரமுளையை அடித்துவிட்டு, சில வரிசைகளுக்கு ஒருமுறை திரும்பி வந்து முளைக்கு மேல் அளவெடுப்பேன். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை இடையில் நடந்த வரிசைகளுக்குப் பிரித்துக் கழிப்பேன். சாதாரண நாளுக்கு இது போதும்.

அந்த மே மாதச் சனிக்கிழமை நான் போன தோப்பு பொள்ளாச்சிக்குக் கிழக்கே இருந்தது. மழை பொய்த்துப்போன வருடம். தென்னைகளின் மட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்கின. குரும்பைகள் உதிர்ந்து, மிதித்தால் நொறுங்கும்படி கிடந்தன. இருந்த போர்கள் எல்லாம் வற்றிவிட்டன. சமீபத்தில் போட்ட இரண்டிலும் ஈரமே வரவில்லை. தோட்டக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் அங்கே இருந்தார்கள்; ஒரே மகள் இங்கிலாந்தில் நர்ஸ். நான் அவரை அண்ணா என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டேன். காரை விட்டு இறங்கியதும் அண்ணா சொன்னது இது:

"இதோட சரிங்க அம்மணி. இன்னொரு போருக்கு எங்ககிட்டத் தெம்பில்ல. இதுல வந்தா மரம் நிக்கும். இல்லீன்னா மொத்தத்தையும் செங்கல் சூளைக்கு வெட்டி அனுப்ப வேண்டியதுதான்."

போர் வண்டி மறுநாள் காலை வருவதாக இருந்தது. அந்தக் கோடையில் போர் வண்டி கிடைப்பது எளிதாக இல்லை. முறையை விட்டால் திரும்ப எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்தில் பலரிடம் இருக்கும் ஒரு வழக்கம் இவர்களுக்கும் இருந்தது. மிசின் வைத்துப் பார்ப்பவர் ஒருவர், தேங்காய் வைத்துப் பார்ப்பவர் ஒருவர், இரண்டு பேரையும் ஒரே நாளில் தனித்தனியாக விடுவார்கள். ஒருவர் காட்டியது மற்றவருக்குத் தெரியக்கூடாது. இருவரும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் போர். காரமடையிலிருந்து வந்திருந்த தேங்காய்க்காரருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய், அடியில் நீரோட்டம் இருந்தால் தானாக எழுந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவருக்கு என் கருவியில் கிடையாது. ஆனால் ஒரே தோட்டத்துக்கு அடிக்கடி அழைக்கப்படுகிறவர்கள் என்ற முறையில் எங்களுக்குள் மரியாதைக்குக் குறைவில்லை.

முளையில் முதல் அளவு எடுத்தேன். வடக்கு ஓரத்திலிருந்து தொடங்கி, தென்னை வரிசைகளுக்கு நடுவே கிழக்கும் மேற்குமாக நடந்தேன். சில வரிசைகள் முடித்துத் திரும்பி வந்து முளைக்கு மேல் கருவியின் கம்பை நிறுத்தியபோது எண் வெகுவாக இறங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவ்வளவு இறங்காது. சுற்றிப் பார்த்தேன். முளைக்குப் பக்கத்து மரத்தடியில் ஒரு மொபெட் நின்றது.

"ஏனுங்க, இந்த வண்டி யாருதுங்க?"

"என்றதுதான் அம்மணி," என்றார் தேங்காய்க்காரர் தூரத்திலிருந்தே. "நெழல் பாத்து நிறுத்துனேன். ஏன், உங்க மிசினுக்கு நெழல் மறைக்குதா?"

"இரும்பு ஆகாதுங்கய்யா இதுக்கு."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதான். எனக்கு எலுமிச்சம்பழம் ஆகாது. மடியில இருந்தாத் தேங்காய் எந்திரிக்கவே மாட்டேங்கும்."

சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் களத்து ஓரத்தில் நிறுத்தினார். திரும்ப அளந்தேன். எண் ஏறியிருந்தது. முழுக்க ஏறவில்லை, ஆனால் ஏறியது. கோளாறு மொபெட்தான் என்று முடிவு கட்டி, அந்த எண்ணையே புதிய தொடக்கமாக வைத்துக்கொண்டு அடுத்த வரிசைகளுக்குப் போய்விட்டேன். அப்போது பார்த்தால் அது சரியான முடிவு. பக்கத்தில் இரும்பு இருந்தது, நகர்த்தியதும் எண் மாறியது. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

உச்சி வெயிலுக்கு முன்னால் தெற்கு வேலி வரை நடந்து முடித்தேன். காரின் பின் சீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் எண்களை ஏற்றினேன். தோப்பின் நடுவே, கிழக்கிலிருந்து மேற்காக, கரையே இல்லாத ஆறுபோல ஒரு நீலப் பட்டை. இவ்வளவு தெளிவான பட்டை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. முழுப் படத்தையும் பார்ப்பதற்குள் அண்ணா கார்க் கதவுக்கு வந்துவிட்டார். தேங்காய்க்காரர் தன் இடத்தை ஏற்கெனவே அவரிடம் ரகசியமாகக் காட்டியிருந்தார். நான் எதுவும் கேட்காமல், பட்டையின் நடுவில் இருந்த ஒரு மரத்தை எண்ணிச் சொன்னேன்.

அண்ணா விரலை மடக்கி மரங்களை எண்ணினார். பிறகு களத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங்! ரெண்டு பேருதும் ஒண்ணாப் போச்சுங்க! ரெண்டு மரம்தான் வித்தியாசம்!"

அக்கா மஞ்சள் துணி, குங்குமம், சூடம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். தேங்காய்க்காரர் ஒரு குச்சியை நட்டுத் துணியைக் கட்டினார். "பாருங்க, நம்ம ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கோடந்தான்" என்றார் என்னிடம். மின்தடைக் கருவியை அன்று எங்கள் முதலாளி வேறொரு தோட்டத்துக்கு எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் பொழுதோடு அதைக் கொண்டுவந்து ஒரு முறை பார்த்துவிடலாம் என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க இனி" என்றார் அண்ணா. அவர் குரல் காலையில் கேட்ட குரலாக இல்லை. குச்சியைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்.

நான் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா தன் ஃபோனைக் கொண்டுவந்தார்.

"கண்ணு, இதப் பாரு. பொண்ணு அனுப்பிச்சிருக்கா. நாம குச்சி நட்டதக் காட்டுனா அவ ஆகாசத்தக் காட்டறா. ஃபேக்டரி ஏதாச்சும் தீப்புடிச்சுருச்சான்னு கேட்டேன், சிரிக்கறா."

செங்கல் வீடுகளின் கூரைகள். அவற்றுக்கு மேல் வானம் ரோஜா நிறத்தில் இருந்தது, கீழே பச்சை. நிறங்கள் மேலிருந்து திரைச்சீலை மடிப்புகளாக இறங்கின. அடுத்த படத்தில் தெருவில் ஆட்கள் நைட்டியோடும் போர்வையோடும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருவ ஒளி. கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தவற்றில் இது முதலில் இருந்தது. அவ்வளவு தெற்கே, மகள் இருக்கும் ஊர் வரைக்கும், அது சாதாரணமாக வராது என்பதும் எனக்குத் தெரியும்.

"எப்ப எடுத்ததுங்கக்கா?"

"நேத்து ராத்திரி ட்யூட்டி முடிச்சு வாரப்பவாம். நமக்கு இன்னைக்கு விடியக்காலம்."

மோரைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போனேன். படத்தைத் திரும்பவும் பார்த்தேன். நீலப் பட்டை தென்னை வரிசைக்கு இம்மி பிசகாமல் இணையாக ஓடியது. மூன்று வரிசை அகலம். ஒரு வரிசையின் முனையில் தொடங்கி இன்னொரு வரிசையின் முனையில் முடிந்தது. பூமிக்கு அடியில் இருக்கும் சுவருக்கு மேலே தென்னை எந்தத் திசையில் நட்டிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அது தெரிந்தது எனக்கு மட்டும்தான். அந்தத் திசையில் நடந்தவள் நான்.

கருவியை எடுத்துப் போய் முளைக்கு மேல் கம்பை நிறுத்தினேன். நகரவே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பொத்தானை மட்டும் அழுத்தினேன். எண் இறங்கியது. நின்றது. ஏறியது. சரசரவென்று இறங்கியது. மொபெட் களத்து ஓரத்தில் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இரும்பு எதுவும் இல்லை.

அண்ணாவும் தேங்காய்க்காரரும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க அம்மணி, நடக்காமயே அளக்கறீங்க?"

"நடக்காம அளந்தா எண்ணு மாறக்கூடாதுங்கண்ணா. மாறுது பாருங்க."

"மிசின் கெட்டுப்போச்சுங்களா?"

"மிசின் சரியாத்தான் இருக்குது. பூமியோட காந்தமே ஆடிட்டு இருக்குதுங்க."

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னேன். சூரியனிலிருந்து ஒரு பெரிய வீச்சு கிளம்பி வந்து பூமியின் காந்தத்தில் மோதியிருக்கிறது; காந்தப் புயல் என்பார்கள். துருவத்துக்குப் பக்கத்து நாடுகளில் அது மேல்காற்றைப் பற்றவைத்து நிறமாகக் காட்டும். நாம் இருப்பது பூமியின் இடுப்பில். இங்கே நிறம் வராது, காந்தத்தின் அளவு மட்டும் விழுந்து எழும். அது விழுந்த நேரத்தில் நான் எந்த வரிசையில் நடந்தேனோ, அந்த வரிசைகள் படத்தில் நீலமாகிவிட்டன. அங்கே சுவரும் இல்லை, ஒன்றும் இல்லை. அல்லது இருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் விஷயம்.

அக்கா ஃபோனில் இருந்த வானத்தையும் என் கையில் இருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்க கலரு. இங்க நம்பரு. ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதானுங்கக்கா."

அண்ணா நட்டிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இவரு சொன்னது?"

"என்ற தேங்காய்க்குப் புயலும் இல்ல, பூகம்பமும் இல்லீங்க," என்றார் தேங்காய்க்காரர். "அது எந்திரிச்சது எந்திரிச்சதுதான்."

"ஐயா சொன்னது அப்படியே இருக்கட்டுங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நான் சொன்னதை மட்டும் எடுத்துருங்க."

"அதெப்புடிங்க எடுக்கறது? ரெண்டு பேரு சொல்லித்தான குச்சி நட்டோம்? ஒருத்தரு எடுத்துட்டா அப்பறம் அது வெறும் குச்சிதான?" அண்ணாவின் குரல் உயர்ந்தது. "காலையில மொபெட்டுன்னீங்க. இப்பச் சூரியன்ங்கறீங்க. பொழுதோட எதச் சொல்லுவீங்க?"

அவர் கேட்டதில் தவறு இல்லை.

முதலாளிக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ரெண்டும் ஒத்துப்போச்சுல்ல? அந்தத் தேங்காய்க்காரரு பாயிண்டுல போடட்டும், உட்டுரு. எங்க போட்டாலும் பாதிக்குப் பாதிதான்" என்றார். நம்பத்தக்க அளவே இல்லாத இடத்துக்குப் பாதி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "திரும்பப் பாக்கறதுன்னா எப்பப் பாப்ப?" என்றார். புயல் அடங்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றேன். "வண்டி?" என்றார். அதைத்தான் அண்ணாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

போர் வண்டியை நிறுத்தியது அக்கா. அண்ணா வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்துவிட்ட பிறகு, ஏஜெண்டை அவரே கூப்பிட்டார். "நாளைக்கு வேண்டாங்க. அடுத்த முறை எப்பக் கெடைக்குமோ அப்ப வாங்க. ஆமாங்க, தெரிஞ்சுதான் சொல்றேன்." வைத்துவிட்டு என்னிடம், "அவுரு கோவிச்சுக்குவாரு. கோவிச்சாலும் சாப்புட வந்துருவாரு. நீ சாப்புடு கண்ணு" என்றார்.

அண்ணாவும் சாப்பிட வந்தார்; அவர், தேங்காய்க்காரர், நான் மூவருக்கும் அக்கா பரிமாறினார். தேங்காய்க்காரர் கிளம்பும்போது, காலையில் அவர் வண்டியைக் குறை சொன்னது தவறு என்றேன். "வண்டிக்குக் காது கேக்காது அம்மணி, உடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிக்கரை மிதித்தார்.

அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் நான் சரிபார்ப்பவற்றில் சூரியனும் ஒன்று. விண்வெளி வானிலை சொல்லும் தளங்கள் இருக்கின்றன. ஒரு நிமிட வேலை. பேட்டரி, மரமுளை, சுத்தியல், குடிநீர், சூரியன். சென்ற வருடம் வாங்கிய இரண்டாவது கருவி இப்போது முளைக்கு மேல் நிற்கிறது.

அந்தப் புயல் அடங்கியபின் திரும்பவும் தோப்புக்குப் போனேன். இந்த முறை மின்தடைக் கருவியோடு முதலாளியும் வந்தார். முளைக்கு மேல் எண் அசையவில்லை. ஒரு முறை கிழக்கு மேற்காகவும், அதை நம்பாமல் இன்னொரு முறை வடக்கு தெற்காகவும் நடந்தேன். நடுவில் இருந்த பட்டை காணாமல் போயிருந்தது. குச்சி இருந்த இடம் சுற்றியுள்ள எல்லா இடத்தையும் போலவே இருந்தது. தென்கிழக்கு மூலையில், வரிசைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. நீலப் பட்டையோடு ஒப்பிட்டால் அது எதுவும் இல்லை. கம்பிகளைத் தரையில் அறைந்து மின்தடை பார்த்தோம். ஆழத்தில் ஏதோ உடைந்த பாறை இருப்பது போல இருந்தது. "இருக்கலாம்" என்பதற்கு மேல் முதலாளியும் சொல்லவில்லை.

தேங்காய்க்காரரை வரவழைத்தார்கள். மூலையில் இருமுறை நடந்தார். தேங்காய் கையிலேயே படுத்துக்கிடந்தது.

"என் கணக்குல இங்க இல்லீங்க," என்றார். "பழைய எடத்துலதான் இருக்குது."

அண்ணா வேலிக் கல்லில் உட்கார்ந்தார். அந்த நாட்களில் அவர் லாரித் தண்ணீர் வாங்கி இளம் மரங்களுக்கு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். மேற்கு ஓரத்தில் சில மரங்களின் கொண்டை ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. "ஒத்துப்போனப்ப நீங்க வேண்டாம்னீங்க. இப்ப ஒத்துப்போகல. இங்க எப்புடிங்க போடறது?" என்றார். என்னைக் குறை சொல்லும் தொனி இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

அக்காதான் பதில் சொன்னார்.

"கடேசி ரெண்டு போரும் எங்க போட்டோம்? ரெண்டு பேரு ஒத்துச் சொன்ன எடத்துலதான? என்ன வந்துச்சு? புழுதி வந்துச்சு. உங்க சட்டையில இருந்து அந்தப் புழுதியத் தொவைக்கறதுக்கே ஒரு கொடந் தண்ணி ஆச்சு."

தேங்காய்க்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அதுல ஒண்ணு நான் சொன்னதுதானுங்க" என்றார். அண்ணாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "புயல் ஏதும் இல்லையே இன்னைக்கு?" என்றார்.

"இல்லீங்கண்ணா. இன்னைக்கு எண்ணு நின்ன எடத்துல நிக்குது."

"சரி. மூலையிலயே போடலாம்."

போர் வண்டி வந்தது அடுத்த வாரம். நானும் போயிருந்தேன். காலையிலிருந்து வெள்ளைப் புழுதி தோப்பின் மேல் பறந்து மட்டைகளில் படிந்தது. குழாய் மேல் குழாயாக இறக்கிக்கொண்டே போனார்கள். மதியத்துக்கு மேல் புழுதியின் நிறம் மாறியது, கரும்பாறையின் தூள். பிறகு ஈரம். பிறகு சேறு. கடைசியில் தண்ணீர் குழாயைவிட்டு எழுந்து வந்து விழுந்தது. போர்க்காரர் பார்த்துவிட்டு, "ஒண்ணே கால் இஞ்சு. ஒண்ணரைன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

போரில் வரும் தண்ணீரை இங்கே இஞ்சில்தான் சொல்வார்கள்; முழுத் தோப்புக்கு மூன்று இஞ்சாவது வேண்டும். பழைய இடத்தில் போட்டிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்குமா, வந்தே இருக்காதா என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கருவிக்கு அங்கே காட்ட எதுவும் இல்லை என்பது மட்டும்தான். தேங்காய்க்காரரைப் பிறகு வேறொரு தோட்டத்தில் பார்த்தபோது, "அங்க மூணு இஞ்சு இருந்துச்சு" என்றார் உறுதியாக. நான் மறுக்கவில்லை.

அண்ணா குனிந்து சேற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை என்று தலையசைத்தார். பிறகு எழுந்து, கண்ணை இடுக்கி, தோப்பைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு முறை பார்த்தார். இந்தத் தண்ணீர் எதுவரை எட்டும் என்று கணக்குப் போடுகிறார் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரிந்தது.

"மேக்கால கடேசி எட்டுப் பத்தி மரத்த உட்டுரலாம்," என்றார். "அது எப்புடியும் தேறாது."

"எட்டா? அதுல நாலு பத்தி நல்லாத்தான் நிக்குது. நாலு போதும்."

"நாலுன்னா இந்தப் பக்கட்டு இருக்கற இளசுக்குப் பத்தாது."

"வெய்யத் தாழத் தண்ணி உட்டாப் பத்தும். நான் உடறேன்."

போர்க்காரர்கள் குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றி முடிக்கும் வரை இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வரிசையில் வந்து நின்றது.